ஹாபரா போர்ட்டா? திருமலை ஆக்கள் சொல்லுங்கோ

உப்புவெளிப்பெட்டை:
வணக்கம் எல்லாருக்கும். ஒரு விசயம் கேக்கணும், தெரிஞ்ச ஆக்கள் கொஞ்சம் விளக்கமா சொல்லுங்கோ. எங்கட மாமா உட்துறைமுக வீதிப் பக்கம் சின்னதா ஒரு கெஸ்ட் ஹவுஸ் துடங்கிறார், மேல்மாடி ரூமில நிண்டு பாத்தா தண்ணி, அங்கால மலை, நடுவில நிக்கிற கப்பல் எல்லாம் தெரியும். அதுக்கு இங்கிலீசில ரெண்டு பந்தி எழுதித் தா பிள்ளை எண்டு என்னட்ட தந்திருக்கிறார். நான் 'ஹாபர் வியூ' எண்டு எழுதினன், அண்ணா வந்து பாத்திட்டு இல்லை 'போர்ட் வியூ' எண்டுதான் வரணும் எண்டு நிக்கிறான். டிக்ஷனரியைப் பாத்தா ரெண்டுக்கும் துறைமுகம் எண்டே கிடக்கு. எங்கட ரோட்டுக்கு இங்கிலீசில இன்னர் ஹாபர் ரோட், துறைமுக அதிகார சபைக்கு போர்ட்ஸ் ஒத்தோரிட்டி, மீன்பிடித் துறைமுகத்துக்கு திரும்ப ஃபிஷரி ஹாபர். தமிழில மூண்டும் துறைமுகம்தான், இங்கிலீசில மட்டும் ஏன் மாறி மாறி வருது? ரெண்டும் ஒண்டா வேறயா?

சாம்பல்தீவான்:
ரெண்டும் ஒண்டுதான் தங்கச்சி. எதைப் போட்டாலும் வெள்ளைக்காரனுக்கு விளங்கும். வியூ நல்லா இருந்தா வருவாங்கள்.

நெட்டில_நிக்கிறன்:
ஒண்டில்லை. எங்களுக்கு டியூசன்ல சொல்லித் தந்தது, ஹாபர் எண்டா இயற்கையா அமைஞ்சது, போர்ட் எண்டா மனுசன் கட்டினது. அதாலதான் திருகோணமலையை நச்சுரல் ஹாபர் எண்டு சொல்லுறது, நச்சுரல் போர்ட் எண்டு ஒருத்தரும் சொல்லுறேல்ல.

பாடம்சொல்லும்அக்கா:
நெட்டில நிக்கிற தம்பி, பாதி சரி. நச்சுரல் போர்ட் எண்டு சொல்லுறேல்ல எண்டது உண்மை, நல்லாத்தான் கவனிச்சிருக்கிறீங்கள், ஆனா அதுக்குக் காரணம் நீங்க சொன்னது இல்லை. இந்த 'இயற்கை - செயற்கை' விளக்கம் கன டியூசன் நோட்ஸில கிடக்கு, பிள்ளைகள் அப்பிடியே பாடமாக்கி எழுதுதுகள், அதால கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன்.

ஹாபர் எண்டது தண்ணி. காத்து, அலை, நீரோட்டம் உள்ள வராம கப்பலோ வள்ளமோ நிம்மதியா நிக்கக்கூடிய, கரை சுத்தி மறிச்ச தண்ணி. அந்த மறிப்பு மலையா இருக்கலாம், தீவா இருக்கலாம், கல்லுப் போட்டுக் கட்டின அலைதடுப்புச் சுவரா இருக்கலாம். போர்ட் எண்டது தொழில் நடக்கிற இடம். கப்பல் வந்து சாமான் ஏத்தி இறக்கி, சுங்கம் பாத்து, ஆக்கள் ஏறி இறங்கி, கட்டணம் கட்டி, பதிவு போட்டுப் போற இடம். ஒண்டு ஒதுங்கிறதுக்கு, மற்றது அலுவலுக்கு. இயற்கையா செயற்கையா எண்ட கேள்வி ரெண்டிலயும் வராது.

கொழும்பைப் பாருங்கோ. அங்க முந்தி சரியான மறைப்பே இல்லை, தென்மேல் பருவக்காத்து அடிக்கிற மாசங்களில திறந்த கடல் மாதிரித்தான், அந்தக் காலத்தில நீராவிக் கப்பலெல்லாம் காலி நகரத்தில வந்துதான் நிண்டது. 1875ல வேல்ஸ் இளவரசர் வந்து அடிக்கல் வைச்சு, 1885ல தென்மேல் அலைதடுப்பு கட்டி முடிஞ்ச பிறகுதான் கொழும்புக்கு ஒரு ஹாபர் கிடைச்சது. அதுக்கு முதலே அங்க வியாபாரம் நடந்தது, கறுவா போனது, கோப்பி போனது. அப்ப போர்ட் முதல் வந்தது, ஹாபர் பிறகு வந்தது. அம்பாந்தோட்டையில தரையைத் தோண்டியே ஹாபர் எடுத்தாங்கள், 2010ல திறந்தாங்கள். ஆக, ஆர்டிஃபிஷல் ஹாபர் எண்ட சொல்லுக்கு ஒரு குறையும் இல்லை, எல்லாரும் பாவிக்கிற சொல்தான். நச்சுரல் போர்ட் ஏன் வராது எண்டா, சுங்கமும் களஞ்சியமும் தானா முளைக்காது. அவ்வளவுதான்.

நெட்டில_நிக்கிறன்:
அப்ப ஹாபர் இல்லாம போர்ட் இருக்கலாமோ? அது எப்பிடி அக்கா, கப்பல் எங்க நிக்கும்?

பாடம்சொல்லும்அக்கா:
வெளியில நிக்கும். மெட்ராஸ் அதுக்கு நல்ல உதாரணம். 1639ல ஆங்கிலேயர் அங்க வந்து இறங்கி 19ம் நூற்றாண்டு பாதி தாண்டும் வரைக்கும் அங்க ஹாபர் எண்டு ஒண்டுமே இல்லை, நேரான மணல் கரை. கப்பல் தூரத்தில நங்கூரம் போட்டு நிக்கும், மசூலா படகு எண்டு பலகையைக் கயித்தால தைச்ச ஒரு வகைப் படகு, ஆணி அடிக்கிறேல்ல, அலையில மோதினாலும் வளைஞ்சு குடுக்கும், அதிலதான் சாமானையும் ஆளையும் ஏத்தி இறக்கினது. அப்பிடியே ரெண்டு நூற்றாண்டுக்கு மேல பெரிய போர்ட்டா ஓடினது. பிறகு செயற்கை ஹாபர் கட்டத் துடங்கி அதையும் 1881ல புயல் வந்து அடிச்சு உடைச்சது, திரும்பக் கட்டினாங்கள்.

கடலோடி:
டீச்சர் சொல்லுறது சரி. நான் வணிகக் கப்பலில கன காலம் நிண்டவன், எங்கட பக்கத்தால சொல்லுறன்.

கப்பலில தாள் எண்டு வந்தா போர்ட் மட்டும்தான். பில் ஒஃப் லேடிங், அதுதான் சாமான் ஏத்தினதுக்குக் குடுக்கிற தாள், எடுத்துப் பாருங்கோ, போர்ட் ஒஃப் லோடிங், போர்ட் ஒஃப் டிஸ்சார்ஜ், அதில ஒரு இடத்திலயும் ஹாபர் எண்ட சொல் வராது. அடுத்து எங்க போறம் எண்டா நெக்ஸ்ட் போர்ட் ஒஃப் கோல். சாமான் ஏத்தின இடமும் இறக்கிற இடமும்தான் அந்தத் தாளுக்குத் தேவை, அங்க அலை அடிக்குதா இல்லையா எண்டது அந்தத் தாளுக்கு அலுவல் இல்லாத விசயம். ஆனா கப்பலை உள்ளுக்கு எடுக்கிற வேலை எண்டு வந்தவுடன சொல் மாறும். ஹாபர் மாஸ்டர், ஹாபர் பைலட், ஹாபர் என்ட்ரன்ஸ், ஹாபர் டக் (கப்பலை இழுக்கிற படகு). தண்ணிக்குப் பொறுப்பானவர் ஹாபர் மாஸ்டர், எந்தக் கப்பல் எப்ப உள்ள வாறது எங்க நங்கூரம் போடுறது எண்டு அவர் சொல்லுவார். மனேஜர், சார்ஜ், பில் எல்லாம் போர்ட். ஒரே இடம்தான், ஆனா ஆர் கதைக்கிறது எண்டதைப் பொறுத்து சொல் மாறுது.

இன்னொண்டு. கப்பலின்ட இடப்பக்கத்துக்கும் போர்ட் எண்டுதான் பேர். முந்தி லார்போர்ட் எண்டு சொன்னவங்கள், வலப்பக்கம் ஸ்டார்போர்ட், காத்தில கத்தேக்க ரெண்டும் ஒரே மாதிரிக் கேக்கும், ஆபத்து. அதால 1844ல பிரிட்டிஷ் கடற்படை லார்போர்ட்டை நிப்பாட்டி போர்ட் எண்டு மாத்தினது. பழைய கப்பலில சுக்கான் துடுப்பு வலப்பக்கம் இருந்ததால கரையில அணைக்கிறது இடப்பக்கம், ஏத்தி இறக்கிறதும் அந்தப் பக்கத்தால. அப்ப அதுவும் அலுவல் நடக்கிற பக்கம்தான்.

சிட்னித்திருமலையான்:
எல்லாரும் நல்லா எழுதுறீங்கள், ஆனா ஒரு கேள்வி. நான் இருக்கிற ஊரில சிட்னி ஹாபர் எண்டு உலகம் முழுக்கச் சொல்லுறது, அந்தத் தண்ணிக்கு வரைபடத்தில இருக்கிற பேர் போர்ட் ஜாக்சன். 1770ல கப்டன் ஜேம்ஸ் குக் கடலால போகேக்க உள்ள வராமலே வெளியில நிண்டு வைச்ச பேர். அப்ப அங்க சுங்கமும் இல்லை, களஞ்சியமும் இல்லை, வெள்ளைக்காரர் குடியேறினதே 1788ல. டீச்சர் சொல்லுற கணக்கில அதுக்கு ஹாபர் எண்டு எல்லோ வைச்சிருக்கணும்? எனி போர்ட் இன் எ ஸ்டோர்ம் எண்டு இங்கிலீசில சொல்லுறவங்கள், புயல் நேரத்தில எந்தப் போர்ட் கிடைச்சாலும் போதும் எண்டு. புயலுக்கு ஒதுங்கிறதுக்கு அங்க ஹாபர் எல்லோ வரணும்?

பாடம்சொல்லும்அக்கா:
அருமையான கேள்வி தம்பி, இதைத்தான் ஆரும் கேக்க மாட்டினமா எண்டு இருந்தனான்.

போர்ட் எண்ட சொல் லத்தீன் போர்ட்டுஸ்ல இருந்து வந்தது, அதுக்குப் பழைய காலத்தில ஒதுங்கிற இடம் எண்ட கருத்தும் இருந்தது. குக் காலத்துக் கடலோடிகள் நல்ல மறைப்பான ஒரு வாயைக் கண்டா போர்ட் இன்னார் எண்டு பேர் வைச்சிடுவினம், அதில வியாபாரம் இருக்கா எண்டு பாக்கிறேல்ல. நீங்க சொன்ன பழமொழியும் அந்தக் காலத்துக் கருத்தைத்தான் பிடிச்சுக்கொண்டு நிக்குது. ஊர்ப்பேரும் பழமொழியும் பழசை விடாது.

ஆனா கவனியுங்கோ, இந்த மாறாட்டம் ஒரு பக்கமாத்தான் நடக்கும். ஹாபர் சொல்ல வேண்டிய இடத்தில போர்ட் எண்டு சொன்னா கன இடத்தில தப்பிக்கலாம். போர்ட் சொல்ல வேண்டிய இடத்தில ஹாபர் எண்டு போட்டா சரிவராது. எயார்போர்ட்டை எயார்ஹாபர் எண்டு சொல்லுவீங்களோ? ட்ரை போர்ட் எண்டு நாட்டுக்கு உள்ளுக்கு, கடலே இல்லாத இடத்தில கொன்டெய்னரைச் சுங்கம் பாத்து அனுப்புற இடம் இருக்கு, அதை ட்ரை ஹாபர் எண்டா தண்ணி இல்லாத குளம் எண்ட மாதிரிப் போயிடும். தண்ணி இல்லாம ஹாபர் இல்லை, அலுவல் இல்லாம இண்டைக்கு போர்ட் இல்லை. பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் சோதனைக்குச் சொல்லிக் குடுக்கிறது: ட்ரை எண்ட சொல்லை முன்னால போட்டுப் பார், எது தாங்குதோ அது போர்ட்.

உங்கட சிட்னியிலயே இப்ப கொன்டெய்னர் கப்பல் எங்க போகுது? போர்ட் பொட்டனிக்கு. அது இருக்கிறது பொட்டனி பே எண்ட குடாவில. சிட்னி ஹாபரில உல்லாசக் கப்பலும் ஃபெரிப் படகும் பாலமும்.

சிட்னித்திருமலையான்:
ஓம், கொன்டெய்னர் முழுக்க அங்கதான். சரி, இது விளங்குது.

மூதூர்க்காத்து:
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். பே எண்ட சொல்லையும் சேத்துக் கதையுங்க, அதையும் எல்லாரும் குழப்புறாங்க. கொட்டியாரக்குடா பே. ஹாபர் இல்ல. மூதூரில இருந்து திருகோணமலைக்கு லோஞ்சில போய் வந்த ஆக்களுக்கு இது படிச்சுத் தெரிய வேண்டிய விசயமே இல்ல, உடம்புக்கே தெரியும்.

பாலங்கள் வர முந்தி எங்கட ஆக்களுக்கு லோஞ்சிதானே. கிண்ணியாப் பாலம் 2009ல திறந்தாங்க, அதுக்கு முதல் ரோட்டால வாறதெண்டா ஒவ்வொரு துறையிலயும் பாதை (வாகனம் ஏத்துற மிதவை) வரும் வரும் எண்டு காத்துக் கிடக்கணும். மார்கழியில வாடை அடிக்கிற நேரம் குடாவை அறுத்துக்கொண்டு லோஞ்சி வரும், வடகிழக்கால வாற அலை நேரா பக்கத்தில அறையும், உம்மாமார் பிள்ளைகளை மடியில அமத்திப் பிடிச்சுக்கொண்டு கலிமா ஓதிக்கொண்டு இருப்பாங்க, சாக்கு மூட்டையெல்லாம் நனைஞ்சிடும். ஒஸ்டன்பேர்க் முனையைத் தாண்டி உள்ள திரும்பினா போதும், ரெண்டு நிமிசத்தில அலை விழுந்திடும். இஞ்சின் சத்தம் அப்பிடியே மலையில பட்டு திரும்பி வரும், தண்ணி எண்ணெய் ஊத்தின மாதிரி. அந்த முனைக்கு வெளியால பே, உள்ளால ஹாபர். இவ்வளவுதான் வித்தியாசம், இதை எழுதி விளங்கப்படுத்தத் தேவையில்ல.

குடா எண்டா கடல் கரைக்குள்ள வளைஞ்சு வந்திருக்கிறது, வாய் அகலமா இருக்கும், காத்து உள்ள வரும். கொட்டியாரக்குடாவில மகாவலி வந்து விழுது, நடுவில கடலடியில பெரிய பள்ளத்தாக்கு ஒண்டு ஓடுது, ஆழம் கரைக்குக் கிட்டவே துடங்குது, அதாலதான் எங்கட கடலில நீலத்திமிங்கிலம் கரையில இருந்து அவ்வளவு தூரம் போகாமலே தெரியுது. ஆழம் இருக்கு எண்டு அதை ஹாபர் எண்ணேலாது.

கடலோடி:
தம்பி, வலு சரி. பேக் பேயும் அப்பிடித்தான். டவுணுக்கு வடக்கால இருக்கிற பேக் பே வாடைக்குத் திறந்து கிடக்கும், அந்த மாசங்களில அங்க வள்ளம் விட்டு வைக்கேலாது, கரையில ஏத்திறாங்கள், இல்லாட்டி சுத்திக்கொண்டு உள்ளுக்குக் கொண்டு வாறாங்கள். கோணேசர் மலைக்கு இந்தப் பக்கம் டச்சு பே. உள்ளுக்கு கொட் பே, சீனன்குடா. கொட் பேயில மீன்பிடித் துறைமுகம் இருக்கு, பல்நாள் கலமெல்லாம் அங்கதான் கட்டுறது. பேர் எல்லாத்திலயும் பே இருக்கு ஆனா கொட் பேயும் சீனன்குடாவும் ஹாபருக்குள்ள இருக்கிற வளைவுகள், மற்றது ரெண்டும் வெளிக்கடல். பேரைப் பாத்து முடிவெடுக்காம காத்து எங்கால வருதெண்டு பாருங்கோ.

நெட்டில_நிக்கிறன்:
அப்ப ஃபிஷரி ஹாபர் ஏன்? அங்கயும் மீன் விக்கிறாங்கள், ஐஸ் ஏத்திறாங்கள், டீசல் அடிக்கிறாங்கள், அலுவல்தானே நடக்குது?

கடலோடி:
ஃபிஷிங் போர்ட் எண்டும் சொல்லுற நாடு இருக்கு, பிழையில்லை. எங்கட மீன்பிடித் திணைக்களத்துக் கணக்கில மூண்டு தரம் இருக்கு. ஹாபர், அதுக்குக் கீழ நங்கூரமிடும் இடம், அதுக்குக் கீழ இறங்குதுறை. அந்தத் தரம் பிரிக்கிறது எவ்வளவு பாதுகாப்பா கலத்தைக் கட்டி வைக்கலாம் எண்டதில துடங்குது. மீன்பிடிக்காரனுக்கு முதல் தேவை அந்தக் கலம் இரவில உடையாம நிக்கிறதுதானே. வெளிநாட்டுச் சாமான், சுங்கம் எண்டு அங்க பெரிசா ஒண்டும் இல்லை.

சட்டம்படிக்கிறவள்:
இதில நானும் ஒண்டு சொல்லலாமோ? ஹாபரை வினைச்சொல்லாப் பாவிச்சுப் பாத்தா இன்னும் தெளிவா இருக்கும். குற்றவாளிய ஒளிச்சு வைச்சு, சாப்பாடு குடுத்து, இடம் குடுத்தா அதுக்கு ஹாபரிங் எண்டுதான் தண்டனைச் சட்டக்கோவையில வருது. அடைக்கலம் குடுக்கிறது. ஹாபர் எ கிரட்ஜ் எண்டா மனசுக்குள்ள வஞ்சம் வைச்சிருக்கிறது, அந்த வஞ்சத்துக்கு உள்ளுக்க இடம் குடுத்து வைச்சிருக்கிறது. சந்தேகத்துக்கும் வரும், ஆசைக்கும் வரும். போர்ட்டை இப்பிடிப் பாவிக்கேலாது. போர்ட் பண்ணுறது எண்டா இப்ப ஃபோன் நம்பரை ஒரு கம்பனியில இருந்து மற்றதுக்கு மாத்திறது, கொண்டு போறது.

தமிழ்க்கிறுக்கு:
தங்கச்சி சொன்ன அடைக்கலம்தான் அந்தச் சொல்லின்ட வேர். பழைய ஆங்கிலத்தில ஹெரெபெயோர்க் மாதிரி ஒரு சொல், ஹெரெ எண்டா படை, பெயோர்க் எண்டா மறைப்பு, காப்பு. படை தங்கிற இடம். பிறகு வழிப்போக்கர் தங்கிற இடம் எண்டு ஆகி, அதுக்குப் பிறகுதான் கப்பல் தங்கிற இடமாச்சு. பிரெஞ்சில சத்திரத்துக்குச் சொல்லுற ஒபேர்ஜ் எண்ட சொல்லும் இதே குடும்பம். எங்களிட்ட இதுக்கு நேரா ஒரு சொல் கிடக்கு, படைவீடு. முருகன்ட ஆறுபடைவீடு எண்டு தினம் சொல்லுறம். படை தங்கிற வீடு. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருந்த ரெண்டு பாசை ஒரே மாதிரி யோசிச்சிருக்கு, எனக்கு இதைக் கண்ட நாளில இருந்து சந்தோசம் தாங்கேல்ல.

போர்ட்டுக்கும் எங்களிட்ட சொல் இல்லாம இல்லை. பட்டினம். காவிரிப்பூம்பட்டினம், நாகப்பட்டினம் எல்லாம் கப்பல் வந்து வியாபாரம் நடந்த ஊருகள். போர்ட் எண்ட இங்கிலீஸ் சொல்லும் தண்ணிக்கரையை மட்டும் குறிக்காது, அந்த ஊரையும் சேத்துக் குறிக்கும். எங்கட பிரதேச செயலகத்துக்கே பேர் பட்டினமும் சூழலும். துறை எண்டது கரையில ஆள் இறங்கிற இடம், பருத்தித்துறை, காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை. அதின்ட வாய், முகப்பு, துறைமுகம். நாங்கள் துறை, பட்டினம், குடா, முகம் எண்டு எல்லாம் வைச்சிருந்து, இண்டைக்கு எல்லாத்துக்கும் துறைமுகம் எண்ட ஒரே சொல்லைப் போட்டு மூடி வைச்சிருக்கிறம். மொழிபெயர்க்கிற ஆக்கள் இயற்கைத் துறைமுகம், வணிகத் துறைமுகம் எண்டு முன்னால ஒரு சொல்லாவது சேத்து எழுதினா வாசிக்கிறவைக்கு விளங்கும்.

லண்டன்ல_நிண்டு:
டக்ஸ் ஹேவன் எண்டதையும் இதோட சேத்துச் சொல்லுங்கோ. ஹேவன் எண்டா ஹாபர்தான், ஒதுங்கிற இடம். வரி கட்டாம காசை ஒதுக்கி வைக்கிற நாடு. அதை ஹெவன் எண்டு வாசிச்சு 'வரிச் சொர்க்கம்' எண்டு எழுதுற பத்திரிகை எத்தினை. பிரெஞ்சுக்காரரும் சொர்க்கம் எண்டுதான் சொல்லுறாங்கள், அதால தமிழில மட்டும் நடந்தது இல்லை.

உப்புவெளிப்பெட்டை:
எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் எண்டு நினைக்கேல்ல. அப்ப அக்கா, மாமாட ரூமுக்கு எது?

பாடம்சொல்லும்அக்கா:
யன்னலால என்ன தெரியுது எண்டு நீங்களே சொல்லிட்டீங்கள், தண்ணி, மலை, நிக்கிற கப்பல். ஹாபர் வியூ. மாவு ஆலையின்ட சைலோவும் கிரேனும் மட்டும்தான் தெரியுது எண்டா போர்ட் வியூ எண்டு போடலாம், அதுக்கு ஆரும் கூடக் காசு தர மாட்டினம். எழுத்துக்கூட்டல் ஒண்டு கவனிக்கணும், நாங்கள் பிரிட்டிஷ் முறை, ஓவுக்குப் பிறகு யூ வரும். அமெரிக்கர் யூ போட மாட்டினம், அதால பேர்ல் ஹாபர் எண்டு எழுதேக்க மட்டும் யூ இல்லாம எழுதுங்கோ, அது அவையின்ட ஊர்ப்பேர்.

சாம்பல்தீவான்:
இவ்வளவு வித்தியாசம் இருக்கெண்டா நான் ஒண்டு கேக்கிறன். உலகத்திலயே பெரிய இயற்கை ஹாபரில ஒண்டு எங்கட ஊரில கிடக்கு எண்டு பள்ளிக்கூடத்தில இருந்து கேட்டுக்கொண்டு வாறம். அப்ப ஏன் எங்கட பெடியள் வேலைக்குக் கொழும்புப் போர்ட்டுக்குப் போறாங்கள்?

கடலோடி:
நீங்க கேட்ட கேள்விக்குள்ளயே ரெண்டு சொல்லும் சரியான இடத்தில வந்திட்டுது. எங்களிட்ட ஹாபர் பெரிசு, போர்ட் சின்னது. கொழும்பில ஹாபர் சின்னது, கட்டினது, போர்ட் பெரிசு.

எங்கட தண்ணி 1,600 ஹெக்டேயருக்கு மேல. அதைக் கண்டு ஆசைப்பட்டுத்தான் போர்த்துக்கீசன், ஒல்லாந்தன், பிரெஞ்சுக்காரன், இங்கிலீஸ்காரன் எல்லாம் மாறி மாறி வந்து சண்டை பிடிச்சவங்கள். 1782ல ஒரே வருசத்தில இங்கிலீஸ்காரன் பிடிச்சு பிரெஞ்சுக்காரன் பறிச்சு, 1795ல திரும்ப இங்கிலீஸ்காரன் பிடிச்சான். ஆனா அவன் இதை வியாபாரத்துக்கு எடுக்கேல்ல, படைக்கு எடுத்தவன். மேல தமிழ்க்கிறுக்குத் தம்பி படைவீடு எண்டு எழுதினதை வாசிச்சு எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஏனெண்டா திருகோணமலை அப்பிடியே அதுதான். 1930கள்ல சீனன்குடாவில எண்ணெய்த் தாங்கிகளைக் கட்டினது கடற்படைக்கு, இண்டைக்கும் 99 நிக்குது. தேயிலைத் தோட்டம், ரயில் பாதை, வங்கி, ஏஜென்சி எல்லாம் கொழும்பை நோக்கி ஓடினது. 1942 சித்திரை 9 யப்பான்காரன் வந்து குண்டு போட்டதும் இது படைத்தளம் எண்டதாலதான். குண்டு வரும் எண்டு தெரிஞ்சு முதல் நாள் இரவே கப்பல்களை வெளியில அனுப்பினாங்கள், அதில ஹேர்மிஸ் எண்ட விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில அடிபட்டு மூழ்கினது. காத்துக்கும் அலைக்கும் ஹாபர் மறைப்பு, ஆகாயத்தால வாறதுக்கு மறைப்பு இல்லை.

1957ல தளத்தை இலங்கைக்குக் குடுத்தாங்கள். அதுக்குப் பிறகும் இஞ்ச வாறது கோதுமை, சீமெந்துக்குத் தேவையான கிளிங்கர், எண்ணெய் மாதிரி மொத்தச் சாமான். கொன்டெய்னர் எண்டா கொழும்புதான். கிழக்கால மேற்கால ஓடுற பெரிய கப்பல் பாதை தெற்குக் கரைக்குக் கீழால போகுது, கொழும்புக்கு ஒதுங்கிறது லேசு, இஞ்ச வரணுமெண்டா வடக்கால ஏறி வரணும். யுத்தம் வேற முப்பது வருசம் எல்லாத்தையும் நிப்பாட்டி வைச்சது. ஹாபரைக் கடவுள் தந்தார், போர்ட்டை அரசாங்கம் காசு போட்டு உண்டாக்கணும். இதைச் சொல்லாம 'எங்களிட்ட பெரிய துறைமுகம் இருக்கு' எண்டு மேடையில கதைச்சா சனம் ரெண்டையும் ஒண்டெண்டு நம்பிக்கொண்டு இருக்கும், வேலை எங்க எண்டு கேக்கவும் தெரியாது.

மூதூர்க்காத்து:
இதத்தான் நானும் சொல்ல நினைச்ச. எங்கட பக்கப் பெடியனுகளுக்கு அந்தத் தண்ணி கண்ணுக்கு முன்னால, வேலை முந்நூறு கிலோமீட்டருக்குக் கிட்டத் தள்ளி. இங்கிலீசில கேட்டா ரெண்டு கேள்வி, தமிழில கேட்டா ஒரே கேள்வியாப் போகுது.

சாம்பல்தீவான்:
அண்ணை, இதை ஆரும் இப்பிடி எனக்குச் சொல்லித் தரேல்ல. பிள்ளைக்கு வாசிச்சுக் காட்டினனான்.

நெட்டில_நிக்கிறன்:
கடைசியா ஒண்டு, ஜெட்டி, வாஃப், பியர், கீ. இது நாலும் என்ன? நாங்கள் எல்லாத்தையும் ஜெட்டி எண்டுதான் சொல்லுறம்.

கடலோடி:
போர்ட்டுக்குள்ள இருக்கிற பாகங்கள். கரையோட கரையா நீளத்துக்குக் கட்டின சுவர், கப்பல் பக்கவாட்டில வந்து ஒட்டி நிக்கும், அது கீ. எழுதிறது கியூ, யூ, ஏ, வை எண்டு, வாசிக்கிறது திறப்புக்குச் சொல்லுற கீ மாதிரி, குவே எண்டு வாசிக்காதீங்கோ. வாஃபும் கிட்டத்தட்ட அதுதான், ஆனா தூண் நட்டு மேல தளம் போட்டதுக்கும் சொல்லுவாங்கள், அதோட களஞ்சியம் கொட்டில் எல்லாம் சேத்து வாஃப் எண்டு வரும், எங்கட வாஃப் கிளார்க் வேலை அதில இருந்து வந்ததுதான். பியர் கரையில இருந்து தண்ணிக்குள்ள நீட்டிக்கொண்டு போறது, தூணில நிக்கும், கீழால தண்ணி ஓடும். ஜெட்டியும் அப்பிடி நீட்டிக்கொண்டு போறதுதான், அமெரிக்கர் மட்டும் ஆத்து வாயில மண் சேராம மறிக்கிற கல்லணைக்கும் ஜெட்டி எண்டு சொல்லுவினம். மூதூர் லோஞ்சி வந்து கட்டினதைத் தாராளமா ஜெட்டி எண்டு சொல்லலாம்.